மூணு கத்திரியில் முடிந்திருக்க வேண்டியது

இரண்டாம் இடம் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டால்கூட அன்றைக்குப் பாயசம் இறங்காது. இந்தக் குணத்தால்தான் பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஏழு முறை மாநிலச் சாம்பியன் ஆனேன் என்று பேட்டிகளில் பெருமையாகச் சொல்வேன். இதே குணத்தால் ஒருமுறை தலைமுடி மொத்தத்தையும் பறிகொடுத்ததைச் சொல்வதில்லை. (யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது. சுற்றிலும் மலை. எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்தாற்போல் பார்த்த பெரிய தண்ணீர், மழைக்காலத்தில் தறிக்கூடத்துக்குள் புகுந்த தண்ணீர்தான். சென்னையில் கல்லூரிக்குப் போனபோது, துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன். நீச்சல் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். (அதற்கு அடுத்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.)

இரண்டு வருடம் மாநிலப் போட்டியில் கலந்துகொண்டேன். இரண்டு முறையும் இரண்டாம் இடம். மூன்றாம் வருடம் படிப்பும் முடிந்தது, நைனாவின் பொறுமையும் முடிந்தது. (அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.)

"இந்த ஒரு தடவை பாரு. ஜெயிச்சா பாம்பேல பயிற்சி குடுப்பாங்கன்னு சொன்னியே, அங்க போ, நான் தடுக்கல. தோத்தேன்னா திங்கக்கெழம ஸ்ரீ சிட்டில வேலைக்குச் சேந்துரு" என்றார்.

ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்த வேலை உத்தரவு டி.வி.க்கு மேலே, ரிமோட்டுக்கு அடியில் தயாராக இருந்தது. சேனல் மாற்றும் போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

அந்த வருடம் போட்டி திருப்பதிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து அணை ஒன்றில். அம்மா விடுவாளா? "போற வழிதானே, மலைக்குப் போயி மூணு கத்திரி குடுத்துட்டுப் போ" என்றாள். மொட்டை போடாத பெண்கள் முடியின் நுனியை மட்டும் மூன்று முறை வெட்டிக் காணிக்கையாகக் கொடுப்பதுதான் மூணு கத்திரி. அரை நிமிட வேலை.

முடி இறக்கும் மண்டபத்தில் பெண்கள் பகுதியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சித்தூர்க்கார அக்கா ஒருவர், என்னுடையதைவிட நீளமான முடியை அவிழ்த்து நனைத்துக்கொண்டிருந்தார்.

"பையனுக்குப் போலீஸ் வேலை கெடைக்கணும்னு வேண்டிக்கினேன். முழுசா குடுக்கறேன். நீ இன்னாம்மா குடுக்கற?"

"மூணு கத்திரி, அக்கா."

"அவ்ளோதானா?"

பாவம், அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் என் காதில் மைக் வைத்து "இரண்டாம் இடம்" என்று அறிவித்தது போல இருந்தது. சாமி முன்னால் ஒரே நேரத்தில் இரண்டு விண்ணப்பங்கள் போகின்றன. ஒன்று முழுத் தலை, இன்னொன்று மூன்று நறுக்கு. நான் சாமியாக இருந்தால் எதை முதலில் எடுப்பேன்?

"எனக்கும் முழுசா எடுத்துடுங்க" என்றேன்.

கத்தி பிடித்திருந்த பெண்மணி, "இன்ட்லோ அடிகாவாம்மா?" என்றார் தெலுங்கில். வீட்டில் கேட்டாயா என்கிறார். கேட்டேன் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலை முடியோடு கடைசியாக ஆடியது அப்போதுதான்.

வெளியே, துணைக்கு வந்திருந்த நைனா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நேராகப் போய் அவர் எதிரில் நின்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா. எம் பொண்ணு வர்ற வழிய மறைச்சிக்கினு நிக்கற."

"நைனா, நான்தான்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மா மூணு கத்திரின்னுதானே சொன்னா?"

"பக்கத்துல ஒரு அக்கா முழுசா குடுத்தாங்க, நைனா."

"அவங்களும் படகு ஓட்டப் போறாங்களா?"



மறுநாள் அணையில் பதிவு செய்கிற இடத்தில், அதிகாரி ஒருவர் என்னை "பாபு" என்று செல்லமாகக் கூப்பிட்டு, ஆண்கள் வரிசை அந்தப் பக்கம் என்று கைகாட்டினார். அடையாள அட்டையை நீட்டினேன். அதில் ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு ஒரு பெண் சிரித்தாள். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். நைனா குறுக்கே வந்து, "பொண்ணுதான் சார். நேத்து காலைல வரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்று சான்று கொடுத்தார்.

வெட்கத்தில் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளே வெயிலுக்கு நல்லது என்று நைனா அப்பிய சந்தனம் வேறு. பகல் முழுக்க நடந்த ஓட்டங்களில் இரண்டு பெண்கள் மாறி மாறி என்னை முந்திக்கொண்டிருந்தார்கள். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால், கடைசி ஓட்டத்தில் முதலாவதாக வந்தால்தான் பட்டம். இல்லையென்றால் திங்கட்கிழமை, ஸ்ரீ சிட்டி, ரிமோட்டுக்கு அடியில் இருக்கிற காகிதம்.

ஓட்டம் தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது மலை இடுக்கிலிருந்து ஒரு காற்று அடித்து என் படகைக் குப்புறக் கவிழ்த்தது. முங்கி எழுந்து படகை நிமிர்த்தி ஏறினேன். தொப்பி போயே போய்விட்டது. சந்தனம் கரைந்து இரண்டு கண்ணிலும் இறங்கியது. ஊதல் ஒலித்தது. எல்லாரும் போய்விட்டார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைசியில் நின்றேன். அழுதேன் என்று சொல்லலாம். சந்தனத்தால் என்றும் சொல்லலாம்.

எதிர்க்காற்றில் படகு நேராகப் போகாது. வளைந்து வளைந்துதான் போக வேண்டும். காற்று திசை மாறுகிற கணத்தில் திரும்புகிறவர்தான் முந்துவார். அதற்காக எல்லாரும் பாயில் கட்டிய நாடாவை உற்றுப் பார்ப்பார்கள். எனக்கு நாடா என்ன, பாயே மங்கலாகத்தான் தெரிந்தது. அப்போதுதான் வலது காதுக்கு மேலே சில்லென்று இருந்த இடம், மெல்ல நெற்றிப் பக்கம் நகர்வது தெரிந்தது. ஈர மொட்டை! காற்று எங்கே தொடுகிறதோ அங்கே குளிர்கிறது. உடனே படகைத் திருப்பினேன். மற்றவர்களின் நாடா அசைவதற்குள் நான் திரும்பி முடித்திருந்தேன். மறுபடி குளிர்ச்சி நகர்ந்தது, மறுபடி திருப்பினேன். படகுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முடிவெல்லை மிதவையைத் தாண்டியபோது கண் தெளிந்தது. எனக்கு முன்னால் வெறும் தண்ணீர்தான்!

வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. அணைக் கரையில் நைனா துண்டைச் சுழற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நான் பம்பாய் ரயிலில் இருந்தேன்.

பரிசளிப்பில் மற்ற பெண்கள் ரகசியம் கேட்டார்கள். ஜெயித்த மிதப்பில் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். அடுத்த வருடப் போட்டிக்கு நான் பையன் மாதிரி வளர்ந்திருந்த கிராப்போடு போய் இறங்கினால், நான்கு பேர் மொட்டைத் தலையோடு நிற்கிறார்கள்! அந்த வருடமும் நான்தான் ஜெயித்தேன். அந்த நால்வரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இந்தக் கதை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நைனாவோடு திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் போக முடிவதில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் மொட்டை. ஆண், பெண், கைக்குழந்தை என்று பேதமில்லை. நைனா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"பாவம்மா, பாரு. உன்கிட்ட தோத்தவங்கல்லாம் ஊருக்குப் போய்க்கினு இருக்காங்க."