கழுதை வயிற்றில் என் பெயர்

‘எறும்பு’ பத்திரிகை ஆசிரியர் மரிசோல் அம்மாவுக்கு, ஆப்பிள் கிடங்குக்குப் பின்தெருவிலிருந்து எபிஃபானியோ வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்து மேலும் கீழுமாகப் போயிருக்கும், மன்னிக்கணும். ஆப்பிள் பறிக்க ஏணி பிடித்தே பழகின கை, போன குளிர்காலத்தில்தான் பேனா பிடித்தது. கோபத்தில் வேறு எழுதுகிறேன்.

இந்த ஊரில் நம் ஸ்பானிஷ் மொழிக்கும் ஒரு பத்திரிகை, அதன் முதல் இதழிலேயே மாதா கோயில் வகுப்பில் எழுத்துக் கற்றவர்களின் பெயர் வரும் என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரொட்டிக்கடைக்கு ஓடினேன், இல்லை. சலவைக்கடை, கறிக்கடை, எங்கேயும் இல்லை. உங்கள் ஆபீசுக்கு வந்தால், “எல்லாம் தீர்ந்துபோச்சு தாத்தா, எத்தனை வாசகர்கள் பாருங்க!” என்று பூரிக்கிறீர்கள். எந்த வாசகர், அம்மா? எதிர்வீட்டு ஒட்டிலியா ஒருத்திதான்! பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகள் அடித்து உடைக்க, மிட்டாய் அடைத்துத் தொங்கவிடும் காகிதப் பொம்மை, அதுதான் பின்யாத்தா, செய்து கொடுக்கிறவள். இலவசம் என்றதும் தள்ளுவண்டியோடு போய் அத்தனையும் அள்ளி வந்து, கிழித்து, மாவுப்பசையில் தோய்த்து, கழுதை செய்து காயப்போட்டிருக்கிறாள்!

“படிக்கிறதைப் போய் இப்படிப் பண்ணலாமாம்மா?”

“எனக்கென்ன எழுத்தா தெரியும்? சும்மா குடுத்தாங்க, எடுத்தேன். நல்ல தாளுய்யா, பசையை நல்லா குடிக்குது.”

கழுதையின் வயிற்றில் ‘எபிஃபா’ வரை தெரிந்தது. மிச்சத்தின் மேல் ஊதாத்தாள். லேசாக உரிக்கப் போனேன்.

“அது மேல கை வச்சா, அடுத்து உங்களைத்தான் கட்டித் தொங்கவிடுவேன்!”

வேறு வழி? ஞாயிற்றுக்கிழமை, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கழுதை போன வீட்டில், அழைக்காத பிறந்தநாளுக்குப் போய் நின்றேன். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு சரியாக என் பெயர் மேலேயே கம்பால் அடிக்கிறார்கள்! கழுதை உடைந்ததும் அவர்கள் மிட்டாய்க்குப் பாய்ந்தார்கள், நான் வயிற்றுக்குப் பாய்ந்தேன். “தாத்தாவுக்கும் ரெண்டு மிட்டாய் குடுங்கடா, பாவம்!” என்று வீட்டுக்காரர் சொல்ல, ஒரே சிரிப்பு. அப்புறமும் ‘எபிஃபா’தான் கிடைத்தது. மிச்சம் எந்தப் பயல் செருப்பில் ஒட்டிக்கொண்டு போனதோ!

ஆகவே, இனி ஆளுக்கு ஒரு பிரதிதான். ஒட்டிலியாவுக்கு அதுவும் கூடாது. என் பெயரை முழுசாக மறுபடி போட வேண்டும். உங்களையும் அச்சுக்காரரையும் குவாதலூப்பே மாதா காக்கட்டும்.

எபிஃபானியோ (முழுசாக எழுதியிருக்கிறேன், பாருங்கள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சோளமாவில் அவித்த தமாலேயைச் சுடச்சுட எடுத்துக்கொண்டு ஒட்டிலியா வந்தாள். “ஏய்யா, நான் கிழிச்சதுல என்னதான் எழுதியிருந்துச்சு?” என்றாள். கிழிபடாமல் பிழைத்தது என்று அவள் கொண்டுவந்தது சமையல் பக்கமும் கால்பந்துப் பக்கமும்தான். நான் உரக்கப் படித்து முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிழிக்கிறாள். நான் மெதுவாகத்தான் படிக்கிறேன், அவளும் அவசரப்படுத்தவில்லை. அதனால் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடுங்கள். பத்திரிகைக் கட்டுகளை அவளே எடுக்கட்டும், கொஞ்சம் கூடவே அச்சடியுங்கள். என் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப் போவது அதைத்தான். கற்றுக்கொண்டாளா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.