மூன்று முறைக்கு மேல் வேண்டாம்

கொச்சி மட்டாஞ்சேரியில் 'தெரியாது' என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூட உச்சரிக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஏஜெண்டிக்காதான். இக்கா என்றால் அங்கே அண்ணன். யூதர் தெருவான ஜூ டவுனுக்கு வரும் சுற்றுலாக்காரர், இக்கா கேள்வியே பட்டிராத யோகா வகுப்புக்கு வழி கேட்டாலும் உடனே கை நீண்டுவிடும். எந்தப் பக்கம் நீளும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. அப்படிப் போன ஒரு தம்பதி படகேறி அக்கரையில் எறணாகுளத்தில் போய் இறங்கினார்கள் என்று தெருவில் பேச்சு.

"வழி கேட்டு வந்த மனுசன்கிட்ட தெரியாதுன்னு சொல்றது மரியாதையா சாரே?" என்பார்.

எங்கள் அலுவலகம் இருந்த கட்டடமே அவருடையது. கீழே அவரது சுக்குக் கிடங்கு, மேலே எங்கள் மென்பொருள் கம்பெனி. காலையில் ஏ.சி. போட்ட சத்தம் கேட்டதும் இக்கா மாடியேறி வந்துவிடுவார். கட்டடக்காரரை வெளியே போகச் சொல்லும் துணிச்சல் கம்பெனியில் எவருக்கும் இல்லை.

அங்கே எனக்கு வேலை, விளக்கக் குறிப்பு எழுதுவது. மழை எப்போது தொடங்கும், தேர்தலில் யார் ஜெயிப்பார் என்றெல்லாம் பணம் கட்டிக் கணிக்கும் சந்தைகள் இணையத்தில் இருக்கின்றன. அங்கே ஏறி இறங்கும் விலைதான், ஒரு விஷயம் நடக்கும் என்று கூட்டம் எவ்வளவு நம்புகிறது என்பதற்கு அடையாளம். அந்த விலைகளைத் திரட்டி, தானாகவே வேலை பார்க்கும் ஏ.ஐ. ஏஜெண்டுகளிடம் கொடுக்கும் கருவி எங்களுடையது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்த ஏஜெண்டுகளுக்கு நான் எழுத வேண்டும். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதி மனிதர்களைச் சிரிக்கவைக்க முடியாதவனுக்கு, சிரிக்கவே தெரியாத வாசகர்கள் அமைந்தது ஒருவிதத்தில் நிம்மதி.

இக்காவிடம் சந்தையைப் பற்றிச் சொன்னபோது அவர் அசரவில்லை. "இந்தத் தெருவுல கொடியில இருக்கிற குருமொளகையே, பறிக்கறதுக்கு முன்னாடி வித்தவங்க நாங்க. இதென்ன பெரிய காரியம்?"

காரியம் பெரியதுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தம் ஏஜெண்டை அனுப்பிப் பார்ப்பார். என் குறிப்பை மட்டும் படித்து, மனிதர் துணையில்லாமல் அது கருவியைப் பயன்படுத்தினால் ஒப்பந்தம். தடுமாறினால் கம்பெனிக்குப் பூட்டு. எனக்கு எறணாகுளம் பிராட்வேயில் மச்சானின் பாத்திரக்கடை. மச்சான் எனக்காக ஒரு ஸ்டூலே ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒத்திகை பார்க்கலாம் என்றாள் கம்பெனியை நடத்திய ரஸியா. "சார், இக்காவ ஏஜெண்டா உட்கார வைங்க. ஒண்ணும் தெரியாது, தெரியாதுன்னு ஒத்துக்கவும் மாட்டார். ஏஜெண்டும் அப்படித்தான்."

அன்றைக்கு விழுந்த பெயர்தான் ஏஜெண்டிக்கா. நான் ஆங்கிலத்தில் எழுதியதை, தமிழ் வியாபாரிகளோடு பழகிய அவருக்குத் தமிழில் சொல்வேன். நான் சொன்னதை மட்டும் அவர் செய்வார். கருவியாக எதிரில் உட்காருவது நான். 'காலமெனும் பெருநதியின் கரையில் நின்று' என்று தொடங்கிய என் முன்னுரையை முழுதாகக் கேட்டுவிட்டு, "இதுல நான் என்ன செய்யணும் சாரே?" என்றார். பெருநதியை அன்றே வற்றவைத்தேன்.

அடுத்து, 'பதில் வராவிட்டால் மீண்டும் கேட்கவும்' என்ற வரி. நான் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். இக்கா கேட்டார். மறுபடி கேட்டார். எனக்குப் பசித்தது, எழுந்து சாப்பிடப் போனேன். ஹோட்டலில் கை முழுக்கப் பிரியாணி, பையில் போன் அடிக்கிறது, நிற்கிறது, அடிக்கிறது. கை கழுவிவிட்டு எடுத்தேன்.

"விலை என்ன?" என்றார் இக்கா.

"இக்கா, சாப்பிட விடுங்க."

"எப்ப நிறுத்தணும்னு நீங்க எழுதலையே. பின்னே?"

திரும்பி வந்து எழுதினேன்: 'சற்று இடைவெளி விட்டுக் கேட்கவும். மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.'

'விலை எப்போது எடுத்தது என்று பார்க்கவும்' என்று எழுதிய மறுநாள், மீன்காரச் சேச்சியிடம் இக்காவுக்குத் தகராறு. "இந்த வெல காலைல உள்ளதா, இப்ப உள்ளதா?" என்றாராம். "மீனை மோந்து பாருங்க இக்கா, அது சொல்லும்" என்றாளாம் சேச்சி.

கடைசியில் வந்தது வினை. ஒத்திகையில் நான் மூன்று முறையும் வாய் திறக்கவில்லை. இக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "அறுபத்திரண்டு" என்றார்.

"அது எங்கிருந்து வந்தது?"

"விலை கிடைக்கலேன்னா என்ன சொல்லணும்னு நீங்க எழுதல. கேட்டவர வெறுங்கையோட அனுப்ப முடியுமா? ஒரு நம்பர் கொடுத்தேன்."

படகேறிப் போன தம்பதி என் கண்முன் வந்தார்கள். உடனே எழுதினேன்: 'தகவல் கிடைக்காவிட்டால், தெரியவில்லை என்று சொல்லவும். எண்ணை ஊகிக்க வேண்டாம்.' வாசித்துக் காட்டியபோது, ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் இக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சோதனை நாளில் வாடிக்கையாளர் அம்மையார் திரையில் இருந்தார். அவருடைய ஏஜெண்ட் நன்றாகத்தான் தொடங்கியது. பாதியில், விலை தரும் சந்தைத் தளம் ஒன்று படுத்துவிட்டது. ஏஜெண்ட் கேட்டது. காத்திருந்தது. மறுபடி கேட்டது. எனக்கு மச்சானின் ஸ்டூல் தெரிந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு திரையில் ஒரு வரி வந்தது: 'இப்போது விலை கிடைக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை.'

ரஸியா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மற்ற கம்பெனிகளின் கருவியில், இந்த இடத்தில் ஏதாவது ஒரு எண் வந்துவிடும்," என்றார் அம்மையார். ஒப்பந்தம் கிடைத்தது.

சாயா வந்தது, பழம்பொரி வந்தது. இக்கா மட்டும் தொடவில்லை. "இவ்வளவு படிச்ச சாதனம், ஒரு பெண்பிள்ளைகிட்ட தெரியாதுன்னு சொல்லிடுச்சே. வளர்ப்பு சரியில்ல சாரே," என்று என்னைப் பார்த்தார்.

இப்போது இக்கா இடப்பள்ளியில் மகன் வீட்டில் இருக்கிறார். பெரிய கடைகளெல்லாம் அங்கேதான், ஏ.சி.க்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எனக்குப் போன் செய்வார். எடுக்காவிட்டால் சற்று இடைவெளி விட்டு மறுபடி அடிப்பார். மூன்று முறைக்கு மேல் அடிக்கவே மாட்டார். இத்தனை வருடம் எழுதியதில், ஒரு மனிதர் என் வரியை இன்னும் கடைப்பிடிக்கிறார் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முதல் இரண்டு முறையும் அது அடிப்பதைச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.