கண்ணாடிக் கடைக்காரரின் வண்டி வைத்தியம்

வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சு திக்கென்றது.

முந்தின நாள் மாலைதான் பேட்டரி ஒயரைத் தன் கையாலேயே தளர்த்தி வைத்திருந்தார். நியாயமாகப் பார்த்தால், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து அதோடு எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். அவரும் ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி தலையை மெல்ல ஆட்டியிருப்பார். பாழாய்ப்போன வண்டியோ, பந்திக்கு உட்கார்ந்த புது மாப்பிள்ளை மாதிரி செருமிக்கொண்டு தயாராக நின்றது.

சமையலறை ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது.

"என்னங்க, கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சு" என்றார், துக்கச் செய்தி சொல்கிற குரலில்.

அது நாலு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப். மாமனார் மரச்சாமான் கடை நடத்திய காலத்தில் கட்டிலும் பீரோவும் சுமந்து சுமந்து முதுகு வளைந்தது. மகள் கல்யாணத்தோடு கடையை மூடியவர், ஒரு கையில் பெண்ணையும் மறு கையில் வண்டிச் சாவியையும் பிடித்துக் கொடுத்தார். பதினொரு வருஷம் ஆகிறது. பெண்ணைப் பற்றி இன்றுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

கட்டில் சுமக்கப் பிறந்த வண்டியில் கண்ணாடி ஏற்றினால் என்ன ஆகும்? கடையில் ஏற்றும்போது ஐந்து கண்ணாடி என்றால், இறக்கும்போது எட்டு இருக்கும். வாடிக்கையாளர்கள் அந்தப் பெருக்கத்தை ரசிப்பதில்லை. ஆடாமல் குலுங்காமல் போகிற சின்ன வேன் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கனவு. வாசலில் இருப்பதோ ஒரே ஒரு வண்டி நிற்கிற இடம். அந்த இடத்தை மாமனாரின் பாசம் ஆக்கிரமித்திருந்தது.

விற்றுத் தொலைக்கலாமே என்று யாரும் சுலபமாகக் கேட்கலாம். கேட்பவர்களுக்கு மாமனார் வாரா வாரம் போன் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து வருகிற முதல் கேள்வி, "வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?" மகளைப் பற்றிய விசாரிப்பு அதற்குப் பிறகு, நேரமிருந்தால். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். மனைவியை எப்படிச் சமாளிப்பது? கல்யாணத்தன்று அந்த வண்டியில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதவள் அவள். அப்பா ஓட்டிய வண்டிமேல் அவளுக்கு அவ்வளவு உயிர் என்று அன்றைக்கே அவர் முடிவு கட்டிவிட்டார். அவள் கண்ணைத் துடைக்க என்ன செய்வது என்று தெரியாமல், வழி நெடுக வண்டியைப் புகழ்ந்துகொண்டே வந்தார். ஒரு மணி நேரப் பயணம். என்ஜின், கியர், ஸ்டீயரிங் என்று ஒன்றையும் விடவில்லை. புதுப்பெண் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இப்போதும் பக்கத்து வீட்டில் புது வேன் வந்து நின்றால், ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்ன விசுவாசம் என்று அவருக்கே கண் கலங்கும்.

இந்த நிலைமையில்தான் சட்டம் கை கொடுத்தது. வருகிற சனிக்கிழமை வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை. சான்று கொடுக்கிற இன்ஸ்பெக்டர் ஒரு கருணையற்ற மனிதர் என்று பெயர் வாங்கியவர். அவர் பார்த்து, இது ரோட்டில் ஓட லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. மாமனார் அரசாங்கத்தைத் திட்டுவார். மனைவி இரண்டு நாள் அழுவாள். இவர் தோளைக் கொடுத்து ஆறுதல் சொல்வார். மூன்றாம் நாள் வேன். தப்பித் தவறி பாஸாகிவிட்டாலோ, இன்னும் ஒரு வருஷம் இதே தண்டனை.

ஒரே ஒரு ஆபத்து, தெருமுனை மெக்கானிக். கெட்டிக்காரன். அவனிடம் விட்டால் சரிசெய்துவிடுவான். ஆகவே இந்தத் தடவை வண்டியைத் தானே வீட்டில் பார்த்துக்கொள்ளப்போவதாக அறிவித்தார். அவருக்கும் ஸ்பேனருக்கும் உள்ள உறவு, சுவரில் கண்ணாடி மாட்ட ஆணிக்குப் பதிலாகக் கட்டைவிரலை அடிக்கிற அளவில் இருந்தது. மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த வண்டிமேல உங்களுக்கு அவ்வளவு பிரியமா?"

"பின்னே?" என்றார். ஒரு கணவன் வேறென்ன சொல்ல முடியும்?

வேலை தொடங்கியது. தினமும் கடையை மூடிவிட்டு நடந்து வீட்டுக்கு வந்ததும் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறப்பார். பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் தொடுவதில்லை என்பதில் கண்டிப்பாக இருந்தார். வண்டிதான் சாக வேண்டுமே தவிர ஆள் அல்ல. மற்றபடி எங்கே கை எட்டியதோ அங்கெல்லாம் வைத்தியம் பார்த்தார்.

பேட்டரி கதைதான் தெரியுமே. மறுநாள் மாலை ஒயர் இறுகியிருந்தது, அதன் முனை பளபளத்தது. தளர்த்துவதாக நினைத்து இறுக்கிவிட்டோம் என்று புரிந்துகொண்டார். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவருக்கு எப்போதுமே ஊகம்தான்.

செவ்வாய்க்கிழமை புகைக்கு வழி தேடினார். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் தன் பழைய பனியன் ஒன்றைச் சுருட்டித் திணித்தார். மூச்சு முட்டினால் கறுப்பாகக் கக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். புதன்கிழமை மாலை ஸ்டார்ட் செய்தால், புகை ஊதுபத்தி அளவுக்குக்கூட இல்லை. டப்பாவைத் திறந்தார். பனியனைக் காணோம். நெடுநேரம் யோசித்து, வண்டி அதைத் தின்று செரித்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியது எதைத்தான் செரிக்காது?

அன்றே ஹாரன் ஒயரை வெட்டினார். ஹாரன் ஏற்கெனவே மூன்று வருஷமாக ஊமை. இருந்தாலும் அதன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைத்தார். வியாழக்கிழமை தவறுதலாக முழங்கை பட்டதும் அது அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு ஓடி வந்தார். ஒயரை வெட்டினால் ஹாரன் சரியாகும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். அவர் ஸ்டீயரிங் மேலேயே தலையைக் கவிழ்த்தார். அது மறுபடி அலறியது.

இண்டிகேட்டர் ஒயர்களை வலது இடதாக மாற்றிப் போட்டார். வெள்ளிக்கிழமை வலது வலதாகவும் இடது இடதாகவும் மினுங்கியது. தன் குழப்பத்தோடு வண்டியின் குழப்பமும் சேர்ந்து சரியாகிவிட்டது போலும்.

இதற்கு நடுவில் மனைவியின் அன்பு வேறு. கடைக்காரர் லுங்கியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால், காபியை நீட்டிவிட்டு இன்றைக்கு எதைப் பார்த்தீர்கள், எங்கே கை வைத்தீர்கள், எந்த ஒயர், என்ன நிறம் என்று ஒன்று விடாமல் கேட்டாள். அப்பாவின் வண்டியாயிற்றே, கேட்காமல் இருப்பாளா? அவரும் குற்ற உணர்ச்சியோடு, தான் கெடுத்ததையெல்லாம் சரிசெய்ததாக மாற்றிச் சொன்னார். "உங்க கைக்கு என்னமோ ராசி இருக்கு" என்றாள் அவள். அந்த ராசியை நினைத்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைக்குப் போகிற வழியில் தெருமுனை மெக்கானிக் வேறு அவரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றான். வீட்டிலேயே பார்க்கிறீர்களாமே என்று ஜுரத்தில் படுத்தவரை விசாரிக்கிற மாதிரி கேட்டான். தன் பிழைப்பு போகிற வருத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசி அஸ்திரம். வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோய், துருப்பிடித்த சைலன்ஸரின் கிளாம்பைக் கழற்றி, குழாயைத் தொங்கவிட்டார். ஸ்டார்ட் செய்தபோது ஒரு போர்க்களமே கேட்டது. அந்த இசையில் அவர் அன்று நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காலை மனைவி அவர் தாடையைத் தடவிப் பார்த்தாள்.

"ஆபீசர் முன்னால இப்படியா போவீங்க? போய் ஷேவ் பண்ணிட்டு வாங்க. நானும் கூட வரேன்."

சலூனில் கூட்டம். ஒரு மணி நேரம் கழித்து வழுவழுவென்று திரும்பி வந்து, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சாவியைத் திருப்பினார். போர்க்களத்தைக் காணோம். வண்டி தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவள் மாதிரி சத்தமில்லாமல் தெருவில் இறங்கியது. அவர் வண்டியை நிறுத்தி, இறங்கிக் குனிந்து பார்த்தார். சைலன்ஸர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. துரு தானாகவே கவ்விப் பிடித்துக்கொண்டதோ என்னவோ. கேள்வி கேட்கிற தெம்பு அவரிடம் மிச்சமில்லை.

இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே கருணையற்றவர்தான். முன்னால் நின்ற மூன்று வண்டிகளைத் திட்டித் திருப்பி அனுப்பினார். அதைப் பார்க்கப் பார்க்கக் கடைக்காரருக்கு உயிர் வந்தது. நான்காவதாக இவருடையது. இன்ஸ்பெக்டர் ஹாரனை அடித்தார். விளக்குகளைப் போட்டார். புகைக் குழாயில் மீட்டரைச் செருகிப் படித்தார். அடியில் குனிந்தார். குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஏதோ ஒரு பெரிய ஓட்டை அவர் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று கடைக்காரர் வேண்டாத தெய்வம் இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"இந்த வண்டியை யார் பாக்கறது?"

"நான்தான் சார். வீட்டிலேயே" என்றார் கடைக்காரர் ஆவலாக. இனிமேல் பார்க்காதே என்று சொல்லப்போகிறார்.

"எல்லாரும் இங்க வாங்க" என்று இன்ஸ்பெக்டர் மைதானத்திலிருந்த டிரைவர்களைக் கூப்பிட்டார். "ஒரு வண்டியை எப்படி வெச்சுக்கணும்னு இவர்கிட்ட கத்துக்குங்க."

முத்திரை விழுந்தது. இன்னும் ஒரு வருஷம். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஆனந்தக் கண்ணீரைப் பார்த்ததும் கடைக்காரருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வேன் போனால் போகட்டும், இவள் சிரித்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அவளை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டுச் சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றார். தனக்கே தெரியாமல் தான் ஒரு பிறவி மெக்கானிக் என்ற எண்ணமும் அந்த வரிசையில்தான் அவருக்குள் மெல்ல முளைவிட்டது.

வரிசையில் அவருக்குப் பின்னால் வந்து நின்றது தெருமுனை மெக்கானிக். யாருடைய ஆட்டோவையோ காட்ட வந்திருந்தான். இன்ஸ்பெக்டர் புகழ்ந்தது அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும், முகம் ஒரு மாதிரி இருந்தது.

"கேட்டியா?" என்றார் கடைக்காரர். "எல்லாம் நானே பார்த்தது. உனக்கு ஏதாவது சந்தேகம்னா கூச்சப்படாம வந்து கேளு."

மெக்கானிக் திரும்பி வண்டியைப் பார்த்தான். உள்ளே அவர் மனைவி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லக் கூடாதுன்னு அண்ணி என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க, ஆனா என்னால முடியலண்ணே. நீங்க கடைக்குப் போனதும் தினமும் அவங்கதான் என்னைக் கூப்பிட்டு நீங்க பண்ணின ரிப்பேரையெல்லாம் ரிப்பேர் பண்ணச் சொன்னாங்க, 'எனக்கு இந்தச் சனியனைக் கண்டாலே ஆகாது தம்பி, பதினொரு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன், ஆனா இது போயிடுச்சுன்னா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவார்'னு."