மண்ணுக்குத் தலை வாரிய பைப்பு

இந்த உலகத்தில் மண்ணுக்குத் தலை வாரிவிட்ட ஒரே மனிதர் எங்கள் பைப்புதான். இல்லை என்பவர்கள் இலங்கை மலையகத்துத் தெமோதரைக்கு வந்து என்னோடு வாதாடலாம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் நார் பொறுக்கும் மெசின்தான் அவருடைய ராஜ்யம். காய்ந்த தேயிலை போகிற வழிக்கு மேலே பிளாஸ்டிக் உருளைகள் உரசி உரசிச் சுற்றும். அந்த உரசலில் கரண்டு ஏறி, நார் துள்ளி எழுந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும், நல்ல தூள் கீழே போகும். காலமெல்லாம் இதையே பார்த்த மனிதர் வேறு எப்படி ஆவார்?

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு மரக்கறி போட ஆளுக்கொரு பாத்தி கிடைத்தது. டவுன் குப்பையில் செய்த கொம்போஸ்ட் உரமும் லொறியில் வந்து இறங்கியது. எல்லோரும் அள்ளிக் கொட்டிப் போஞ்சி விதைத்தார்கள். பைப்பும் கொட்டினார். ஆனால் மறுநாள் பாத்தியைக் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"மாஸ்டர், இங்க வந்து பாருங்க!"

பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவன் போய்ப் பார்த்தேன். மண்ணெல்லாம் சொப்பின் பைகளின் பிளாஸ்டிக் துணுக்குகள், குருணையை விடப் பொடியாக.

"பொறுக்கிப் போட்டுட்டா போச்சுங்க."

"பெருச பொறுக்கிரலாம். வெயில்ல காஞ்சி தூளா போறது இருக்கே, அது வேரு தண்ணி குடிக்கிற வழியில போய் அடச்சிக்கிரும். அதவிடப் பொடிசு வேருக்குள்ளயே ஏறிருமாம்."

"யாரு சொன்னா?"

"போன்ல பாத்தேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்காகவே இரண்டு டின்னில் முள்ளங்கி போட்டுக் காட்டினார். சுத்தமான மண்ணில் மூன்று இலை வந்துவிட்டது. மற்றது எழுவோமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. எந்த டின்னுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று சமாதானத்தை முன்னிட்டு நான் கேட்கவில்லை.

அடுத்து, பெக்டரி உருளையைப் போலத் துணுக்கை இழுக்க, ஹாலிஎல டவுன் கடைக்குப் போய் பிவிசி பைப்பு வாங்கினார்; பட்டப்பெயரும் அதிலிருந்துதான். முடியில் தேய்த்தால்தான் பைப்பில் கரண்டு ஏறும், அவருக்கோ வழுக்கை. கடைக்காரர் தலையில் தேய்த்துப் பார்த்தார். மூன்றாவது பைப்போடு கடைக்காரர் தலை எட்டாதபடி எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு என் தலை. தினமும் விடிந்ததும் வந்துவிடுவார்.

"ஒங்க முடிக்குக் கரண்டு ஜோரா ஏறுது மாஸ்டர்!"

காய்ந்த மண்ணுக்கு மேல் பைப்பை நீட்டினால் துணுக்கு துள்ளி ஒட்டும். கூடவே தூசியும் ஒட்டும். உதறிவிட்டு மறுபடி ஏழு தடவை. மழை வந்தால் மூடப் படங்கு உண்டு, ஆனால் அதுவும் பிளாஸ்டிக்காம். அதனால் பாத்திக்குக் குடை பிடித்து நின்றார். குடைத்துணி நைலோன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மாதத்தில் ஒரு பாய் அகல மண்தான் சுத்தமானது. விவசாயப் போதனாசிரியை வந்து பார்த்தார், யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"ஐயா, இன்னும் ஒண்டும் நடேல்லையோ? வாற ஞாயிறு திரும்ப வருவன். அதுக்குள்ள வேலை நடக்கேல்லையெண்டா பாத்தியை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லியிருக்கினம்."

பைப்பு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், அதுவரை அவரைத் திட்டாத நாளே இல்லாத அவர் மனைவி செல்லம்மாக்கா லயம் முழுக்கக் கதவு தட்டினார்.

"அந்தாளு பைத்தியம்னு எனக்குத் தெரியாதா? நாந்தானே சோறு போடுறேன்! ஆனா அந்தப் பாத்தி போயிருச்சுன்னா மனுசன் ஒடஞ்சி போயிரும். ஞாயித்துக்கிழம எல்லாரும் சீப்போட வாங்க."

ஞாயிறு காலை போதனாசிரியை வந்தபோது இருபது பேர் பாத்தியைச் சுற்றிக் குந்தி, மும்முரமாகத் தலையில் சீப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கோயில் பூசாரிக்கும் வழுக்கை, அவர் பேத்தியின் தலையைக் கடன் வாங்கியிருந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"நார் பொறுக்கிறோம் தங்கச்சி," என்றார் செல்லம்மாக்கா, நிமிராமலே.

அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. பிறகு எங்கள் பக்கத்தில் குந்திக் கொஞ்ச நேரம் பார்த்தது. போகும்போது புத்தகத்தில் 'நிலம் பண்படுத்தப்படுகிறது' என்று எழுதியது. பாத்தி பைப்புக்கே என்றாயிற்று.

மறுநாள் காலை பைப்பு தன் பாத்தியில் இல்லை. பக்கத்துப் பாத்தியில், போஞ்சிச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்தார்.

"ஒங்களுது இன்னும் முடியலையேங்க?"

"என்னுது கெடக்கட்டும் மாஸ்டர், அதுல இன்னும் ஒண்ணும் மொளைக்கல. இவங்களுது வேரு விட்டுருச்சு. பாவம், தண்ணி தேடும்ல?"

இப்படி ஒரு மனிதர் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பது என் கொடுப்பினை.