மாப்பிள்ளைக்கு என்சைம்

மூன்றாவது தடவையாக இலை போட்டபோது தங்கதுரைக்கு அழுகை முட்டியது.

ரிஷிவந்தியம் கிராமத்துக்குப் பெண் பார்க்க வந்தவன். முப்பத்தாறு வயது, அறிவியல் வாத்தியார். இதுவரை பார்த்த இடமெல்லாம் கைவிரித்துவிட்டன. இங்கே பெண்ணின் பெயர் கலையரசி என்பதற்கு மேல் தரகர் எதுவும் சொல்லவில்லை. காலையில் காபி கொடுத்தபோது அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அதற்குள் இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை. தரகர் சைக்கிளில் நழுவினார். தங்கதுரை மாட்டிக்கொண்டான். விருந்து தொடர்ந்தது.

“இன்னா மாப்ள, கோழிக் கொழம்பத் தொடவே இல்ல?” என்றார் பெண்ணின் அப்பா அரங்கநாதன்.

வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தான்.

“சோறு வாயிலயே செரிக்க ஆரம்பிக்குதுங்க. எச்சில்ல இருக்குற என்சைம் அத சர்க்கரையா ஒடைக்கும். கறிக்கு வயித்துல வேற என்சைம். எண்ணெய்க்குக் கணையத்துலேந்து இன்னொண்ணு. அதுங்க வேலய முடிக்கட்டும்.”

அரங்கநாதன் முகம் மாறியது. “சர்க்கரையா? இந்த என்சைம் எத்தினி வருசமா இருக்குது?”

“பொறந்ததுலேந்துங்க.”

“வைத்தியம் பாக்கலியா?”

“வியாதி இல்லீங்க. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு.”

“அவரு எப்பிடிப் போனாரு?”

“மாரடைப்பு…”

உள்ளே பாத்திரம் விழுந்தது. தங்கதுரைக்கு வியர்த்தது.

“எல்லாருக்கும் இருக்குதுங்க! உங்க பொண்ணுக்கும் இருக்குது!”

“வந்து ஒரு நாளு ஆவல, அதுக்குள்ள எம்பொண்ணுக்கு ஒட்டிக்கிச்சா?”

இனி நிரூபித்துக் காட்டுவதுதான் வழி. “வெறுஞ்சோத்த நல்லா மென்னுகினே இருந்தா இனிக்கும், பாருங்க” என்று ஒரு கவளத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றான். இனித்தது. அதே நேரத்தில் மூன்று பந்தியும் அரங்கநாதனின் வேட்டியில் வந்து இறங்கின.

அவர் உள்ளே போய்க் குசுகுசுத்துவிட்டு, வேறு வேட்டியுடன் திரும்பிக் கைகூப்பினார்.

“மன்னிச்சிடுங்க தம்பி.”

மாப்பிள்ளை தம்பியாகிவிட்டான். இனி யார் பெண் கொடுப்பார்கள்? நடந்தே ஊர் போகலாம் என்று படியிறங்கினான். பெண்ணின் அத்தை சாலம்மாள் பின்னாலேயே மோர் கொண்டுவந்தாள்.

“என்சைம்னா இன்னான்னு படிச்சவங்க யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா!” என்றான் மோரை வாங்கியபடி.

“கேக்காம இருப்பமா தம்பி? நம்ம கலையரசி விலங்கியல் பி.எஸ்சி.யில ஃபஸ்ட் கிளாஸு. அந்தப் பொண்ணேதான் ‘ஆமா, பொல்லாத வியாதி, ஒடனே அனுப்பிடுங்க’ன்னு சொல்லுச்சு.”