குவியலும் சம்பந்திக்குக் கொடுத்த சந்தனமும்

சிதம்பரம் மேல வீதியில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில், அதற்குள் ஒரு அலமாரிகூட வைக்காத ஒரே மனுஷன் போட்டோக்கார ‘குவியல்’தான். மற்ற ஸ்டுடியோக்களில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனி ஃபோல்டர் போட்டுப் பெயர் எழுதி வைப்பார்களாம். இவன் ஊர்ப் படத்தையெல்லாம் ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டி, ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரிவதை நாலு வார்த்தையாக ஒட்டிவிடுவான். வார்த்தையைத் தட்டினால் படம் வந்து நிற்குமாம். எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

2008-ல் இந்த மருமகளுக்குத்தான் வளைகாப்பு. இவள் அம்மா, என் கடலூர் சம்பந்தி, வரமாட்டேன் என்றுவிட்டார். பெண்ணழைப்பில் மண்டப வாசலில் நான் அவருக்குச் சந்தனம் கொடுக்கவில்லையாம். என்ன அநியாயம்! இந்தக் கையால் கொடுத்தேன். அம்மா வராமல் வளையல் போடமாட்டேன் என்று இவள் வேறு ஒரே அழுகை. படத்தைக் காட்டித் தொலைப்போம் என்று, அந்தக் கல்யாணத்தைப் படம் பிடித்த குவியலிடம் போனேன்.

“எங்க சம்பந்தி படத்த எடுப்பா.”

“உங்களுக்குத்தான் பெரியம்மா அவுங்க சம்பந்தி. கம்ப்யூட்டருக்கு யாரோ. படத்துல என்னா தெரியும், அதச் சொல்லுங்க.”

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பச்சைச் சேலை என்றேன். ‘பச்சை’ என்று தட்டினான். கிள்ளை ஊர்க் கல்யாணத்துப் பெண்களோடு, திட்டக்குடியில் பூஜை போட்ட ஒரு பச்சை டிராக்டரும் வந்தது. ‘சந்தனம்’ சேர்த்தான். பெண்கள் பாதிப் பேர் போனார்கள், டிராக்டர் போகவில்லை. அதற்கும் சந்தனப் பொட்டு.

அந்தம்மா முறைத்துக்கொண்டு நிற்பார், அப்படித் தேடு என்றேன். ‘முறைப்பு’ என்று தட்டினான். வரிசையாக வந்ததெல்லாம் நான். பந்தியில் நான், மேடையில் நான், மொய் எழுதும் இடத்தில் நான்.

“என்னா தைரியம்டா ஒனக்கு?”

“தெரிஞ்சதத்தான் எழுதுனேன் பெரியம்மா.”

திட்ட வாயெடுத்தபோது கடைசிப் படம் வந்தது. மண்டப வாசல். என் கை சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறது, சம்பந்தியின் விரல் கிண்ணத்துக்குள். என் முகம் மட்டும் பின்பக்கம் திரும்பிச் சமையல்காரரை முறைக்கிறது.

பிரிண்ட் போட்டுக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன். சம்பந்தி வெகுநேரம் பார்த்தார்.

“கை எங்கிட்டதான் இருக்கு. மூஞ்சி யாருகிட்ட இருக்கு, பாருங்க.”

“சாம்பார் தீயற வாசன வந்துச்சு சம்பந்தி. நான் என்னா பண்ணுவேன்?”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வளைகாப்புக்கு முதல் ஆளாக வந்து இறங்கினார்.

அன்றைக்குக் குவியலின் கேமராவைப் பிடுங்கி என் மகனிடம் கொடுத்து, எனக்கும் சம்பந்திக்கும் நடுவில் குவியலை நிறுத்தினேன். ஊரையே படம் பிடித்தவனை யாரும் ஒரு படம் எடுத்ததில்லையாம். தனக்கு என்ன வார்த்தை ஒட்டுவது என்று தெரியாமல் முழித்தான்.

“எங்க வூட்டுப் புள்ளன்னு போடு.”

“அது படத்துல தெரியாதே பெரியம்மா.”

“எனக்குத் தெரியுது. போடு.”