மப்பண்ணன் ஃபோன் மாற்றிய கதை

ஒரு செல்ஃபோனை மாற்றலாமா வேண்டாமா என்று மப்பண்ணன் யோசித்த அளவுக்கு, சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் எவரும் எதைப் பற்றியும் யோசித்ததில்லை. அவர் யோசிக்க ஆரம்பித்த பிறகு எங்கள் ஆபீஸில் சிலருக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைகள் சோறு உண்ண ஃபோன் கேட்டு அழும் வயதுக்கும் வந்துவிட்டன. மப்பண்ணன் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

சங்ககிரியில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு எதிர் மேஜை அவருடையது. எந்த லாரிக்கு எந்த லோடு என்று பார்த்து டிரைவர்களை விரட்டுவது அவர் வேலை. விரட்டுவது என்று பெயர்தான். அவர் விரட்டினால் ஈ கூட எழுந்து போகாது. பேச்சின் நடுவே ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்ப்பார். பார்வை அங்கேயே தங்கிவிடும். மறுமுனையில் டிரைவர், "அண்ணா, இருக்கீங்களா?" என்று கேட்டுக் கேட்டுத் தானாகவே ஒரு முடிவெடுத்து எங்கேயாவது போய்ச் சேருவார். பெரும்பாலும் அது சரியான இடமாகவே இருக்கும்.

மப்பு என்ற பெயரைக் கேட்டுத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். புதிதாக வரும் டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பேசும்போது மெதுவாக மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார்கள். வாசனை வந்தால் அது விபூதி வாசனைதான். காபிகூட அரை டம்ளருக்கு மேல் குடிக்காத மனிதர். அந்தப் பெயர் வந்தது அவர் ஃபோனால்.

ஜேடர்பாளையத்தில், அவர் மனைவி மணியக்காவின் பிறந்த வீட்டுக்காரர்கள் ஒரு காது குத்து வைத்தார்கள். விருந்து முடிந்து எல்லோரும் தடுப்பணைக்குக் குளிக்கப் போக, மப்பண்ணன் காவிரியைப் படம் பிடிக்கக் குனிந்தார். ஃபோன் தண்ணீருக்குள் போய்விட்டது. மச்சான்கள் முங்கி எடுத்தார்கள். அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தார்கள். ஃபோன் பிழைத்துக்கொண்டது. ஆனால் கேமராவுக்குள் புகுந்த ஈரம் மட்டும் வெளியே வர மறுத்துவிட்டது. அன்றிலிருந்து அந்த ஃபோனில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் மப்பு போட்டிருக்கும். சித்திரை வெயிலில் தார் உருகும்போது எடுத்தாலும் ஏற்காட்டு மார்கழி மாதிரி இருக்கும்.

தண்ணீரில் முங்கி எழுந்த அந்த ஃபோனில் வேறு எதுவும் சரியாக இல்லை. காதில் வைத்துக் கேட்க முடியாது. ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அதனால் அவர் வீட்டு ரசத்தில் உப்பு கூடியது முதல் பங்காளி வீட்டு வாய்க்கால் தகராறு வரை ஆபீஸுக்கே மனப்பாடம். சார்ஜ் ஏற வேண்டுமென்றால் ஒயரை ஒரு தினுசாக வளைத்து, அதன் மேல் பசைப் புட்டியை வைக்க வேண்டும். திரையில் விழுந்த கீறல் ஒன்று 'ல' எழுத்தின் மேலேயே போனதால், அந்த எழுத்து மட்டும் அடங்கிப்போனது. அண்ணன் கவலைப்படவில்லை. பக்கத்து வீட்டு 'ள' இருக்கும்போது என்ன குறை என்று அதையே போட்டார்.

ஒருநாள் புது டிரைவர் ஒருவருக்கு அவர் அனுப்பிய செய்தி: "கள் ளோடு ஏத்திட்டு நேரா வா."

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, இங்க மரமே இல்லீங்ணா. கல்லுதான் கெடக்குது. கள்ளு எங்கிருந்து ஏத்தறது? போலீஸு புடிச்சா ஆருங்ணா பதில் சொல்றது?"

மப்பு என்று பெயர் வைத்திருப்பவரே கள் ஏற்றச் சொன்னால் அந்த டிரைவர்தான் என்ன செய்வார்!

"ஃபோனை மாத்தித் தொலையேன்யா" என்பார் முதலாளி.

"மாத்தோணுமுங்க. அதுக்குன்னு ஒரு நேரம் வரோணுமில்லீங்களா?" என்பார் இவர்.

அந்த நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரு ஃபோன் கடைக்குப் போவார். மணியக்காவும் கூடப் போவார். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வரும் ஏசி காற்றில், வெளிச்சத்துக்குக் கீழே வரிசையாக மின்னும் ஃபோன்களுக்கு நடுவே, மீன் தொட்டி பார்ப்பவர் போல அண்ணன் நிற்பாராம். ஒவ்வொன்றாக எடுத்து எடை பார்த்து, தடவி, கன்னத்தில் வைத்து, திரும்ப அதன் இடத்திலேயே படுக்க வைப்பார். பிறகு விற்பனைப் பெண்ணிடம் கேட்பார்.

"ஏஞ்சாமி, இதவுட நல்லது வருமா?"

"அடுத்த மாசம் வருதுங்க ஐயா."

"அப்ப அது வரட்டும். நல்லது வர்றப்ப நாம சுமாரானத வாங்கிட்டு நிக்கறது நல்லாவா இருக்கும்?"

அடுத்த மாதமும் இதே கேள்விதான், இதே பதில்தான். அந்தப் பெண் கல்யாணமாகி வேலையை விட்டபோது, புதிதாக வந்தவளிடம் கடைச் சாவியோடு மப்பண்ணனையும் ஒப்படைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அந்தக் கடையில் எதுவும் வாங்காமலேயே டீ கிடைத்த ஒரே மனிதர் அவர்தான்.

உண்மையைச் சொன்னால், அந்த மப்பு எங்களுக்கும் பிடித்துப்போயிருந்தது. அவர் படத்தில் லாரிகள் எடை மேடையிலிருந்து இறங்குவது, மேகத்திலிருந்து இறங்குவதுபோல இருக்கும். முதலாளி ஒரு மகான் மாதிரித் தெரிவார். என் முகத்தில் இருந்த பருக்கள் எல்லாம் எங்கோ போய்விடும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஓர் ஊர் இருந்தால் அங்கே நாங்கள் எல்லோரும் வேலை பார்க்கிறோம் என்று தோன்றும்.

பழனி என்ற டிரைவருக்குப் பெண் தேடியபோது, அண்ணன் எடுத்த படத்தைத்தான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். பெண் வீட்டார் நேரில் வந்துவிட்டார்கள். பழனியே வாசலில் நின்று சொம்பில் தண்ணீர் கொடுத்தான். வாங்கிக் குடித்துவிட்டு, "மாப்பளை எப்பங்க வருவாரு?" என்று அவனிடமே கேட்டார்கள். பெண்தான் கெட்டிக்காரி. "போட்டாவுல ஒண்ணுமே தெரியலீங்க. அதான் என்னதான் இருக்குதுன்னு பாத்துப்போட்டுப் போலாம்னு நானும் கூட வந்தேன்" என்றாளாம். கல்யாணம் நடந்தது. அண்ணனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

அவர் ஃபோனில் அதிகம் இருந்தது மணியக்காதான். மரவள்ளிக் காட்டில் மணியக்கா, மாட்டுக்குத் தீவனம் போடும் மணியக்கா, துணி உலர்த்தும் மணியக்கா. எல்லாப் படங்களிலும் அந்தம்மா விடியற்காலைப் பனிக்குள் இருந்து அப்போதுதான் வந்து நிற்பவர் போல இருப்பார். காலையில் வந்ததும் அண்ணன் என்னிடம் காட்டுவார். "பாரு அம்முணி, என்ற ஊட்டுக்காரி. கண்ணாலத்தன்னிக்கு எப்படி இருந்தாளோ அப்படியேதான் இருக்கறா."

பிறகு அந்த ஃபோனின் பேட்டரி உப்ப ஆரம்பித்தது. முதுகு பணியாரம்போல எழும்பி, மூடி பிளந்து, மேஜையில் வைத்தால் தானாகச் சுற்றியது. முதலாளி பயந்துவிட்டார். "யோவ், வெளிய டீசல் பேரல் நிக்குது. இது வெடிச்சா சங்ககிரியே போயிரும். நாளைக்கு இத எடுத்துட்டு உள்ள வராத!"

வரும் ஞாயிற்றுக்கிழமை வாங்கியே தீர்வது என்று முடிவானது. அண்ணன் மனம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள முதலாளி என்னையும் கூட அனுப்பினார்.

கடைப் பெண் ஒரு ஃபோனை எடுத்து நீட்டினாள். "கேமராவைப் பாருங்க ஐயா. அம்மாவை ஒரு படம் எடுங்களேன்."

மணியக்கா கூச்சத்தோடு கண்ணாடி அலமாரியை ஒட்டி நின்றார். அண்ணன் எடுத்தார். திரையைப் பார்த்தார். அப்படியே நின்றார். வழக்கமாக அவர் நிற்கும் நிலைதான் என்று நினைத்தேன். ஆனால் அவர் இரண்டு விரலால் படத்தை விரித்தார். இன்னும் விரித்தார்.

"ஏஞ்சாமி, இந்தக் கேமராவுல ஏதாச்சும் தப்பு இருக்குமா?"

"இல்லீங்களே ஐயா. ஏன்?"

"கழுத்துல எதோ தெரியுது."

எட்டிப் பார்த்தேன். மணியக்காவின் தொண்டைக்குக் கீழே, ஒரு பக்கமாக, எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். கண்ணோரச் சுருக்கம், காதோர நரை எல்லாம் ஒவ்வோர் இழையாகத் தெரிந்தது. ஆனால் அவர் விரல் அந்த வீக்கத்தின் மேலேயே நின்றது.

"வேற ஃபோனு காட்டு."

அடுத்ததை எடுத்தார். அதிலும் தெரிந்தது. அதைவிட நல்லதைக் கேட்டார். அது இன்னும் தெளிவாகக் காட்டியது. அந்த வரிசை முழுவதையும் எடுத்துப் பார்த்தார். ஏதாவது ஒரு ஃபோன், ஒன்றே ஒன்று, அது இல்லை என்று சொல்லிவிடாதா என்று தேடினார். விலை கூடக் கூட அந்தக் கட்டி துல்லியமாகிக்கொண்டே போனது. மணியக்கா ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே கூச்சத்தோடு நின்றார்.

கடைசியில் அண்ணன் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, முதல் முறையாக நேராக அந்தம்மாவின் கழுத்தைப் பார்த்தார்.

"எப்பத்திலிருந்து இருக்குது?"

மணியக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். "அது ரொம்ப நாளாவே இருக்குதுங்க. வலிக்கலீங்க. தைப்பொங்கல் கழியட்டும்னு இருந்தேன். அப்பறம் அறுவடை வந்துச்சு. போலாம் போலாம்னு அப்படியே..."

அண்ணன் அந்தம்மாவை அழைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். ஃபோன் வாங்கவில்லை. ஒன்றும் வாங்காமல் வெளியேறிய அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைப் பெண் முதல் தடவையாக வாசல் வரை வந்து நின்றாள்.

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். தைராய்டு கட்டி என்றார்கள். ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முதலாளி டீசல் பேரலைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்; முடிவு வரும் வரை அண்ணன் அந்த உப்பிய ஃபோனோடே ஆபீஸுக்கு வந்தார். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு லோடு போட்டார். எல்லா லாரிகளும் சரியான நேரத்துக்குப் போயின. ஆபீஸில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை. ஆனால் மூச்சுக்குழலை அழுத்துகிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. குரல் நரம்பு கொஞ்சம் அசந்திருக்கிறது, மெல்ல மெல்லத்தான் குரல் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். மணியக்கா உடம்பு தேறப் பிறந்த வீட்டுக்கு, ஜேடர்பாளையத்துக்குப் போனார்.

முதல் நாள் காலை அங்கிருந்து ஃபோன் வந்தபோது ஸ்பீக்கரில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "கேக்கலியே, என்ன சொல்ற? கேக்கலியே" என்று அண்ணன் அந்த உப்பிய ஃபோனை வெளியே எடை மேடை வரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் புது ஃபோனோடு வந்து நின்றார். டீ குடிக்கவில்லையாம். எடை பார்க்கவில்லையாம்.

"என்ன மாடலுங்ணா?" என்று கேட்டேன்.

"தெரியல அம்முணி. காதுல வெச்சா நல்லாக் கேக்கறது எதுன்னு கேட்டேன். இதக் குடுத்தாங்க."

அன்று சாயங்காலம் மணியக்கா அழைத்தார். முற்றத்தில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. லோடுமேன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். அவ்வளவுதான். பழனி எஞ்சினை அணைத்தான். பக்கத்து வண்டியும் அணைந்தது. லோடுமேன்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். முதலாளி மின்விசிறியைக்கூட நிறுத்தினார். மேற்கே வெயில் சாய்ந்து, லாரிகள் கிளப்பிய புழுதியெல்லாம் பொன்னாக அந்தரத்தில் நின்றது. யாரும் இருமவில்லை.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையை ஆட்டினார். கண்ணைத் திறக்காமலேயே ஃபோனைக் கீழே வைத்தார்.

"அக்கா என்னங்ணா சொன்னாங்க?" என்றான் பழனி, மெதுவாக.

"கத்திரிச் செடி பூ வெச்சிருக்குதாமா."

நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். எனக்கு மட்டும் பில் போட மனசு வரவில்லை. அந்த மனிதர் கண்ணைத் திறக்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.